எடு என்று சொல்லும்வரை

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“எடு.”

டோரீன் காலை எடுத்தாள். பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் தெரிந்த சிவப்பு வெளிச்சம் அணைந்தது. வண்டிக்கு அடியில் ஸ்பானர் எதிலோ உரசியது. லெஸ் முனகினார். ஆயில் வடிக்கும் பிளாஸ்டிக் குழாயில் இன்னும் குமிழ் வருகிறது என்றால் ஒரு முனகல், வரவில்லை என்றால் வேறு முனகல். முப்பத்தெட்டு வருஷமாக அந்த முனகலைக் கேட்கிறவள் அவள். இது இன்னும் வருகிறது என்கிற முனகல்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“எடு.”

பிரேக் குழாய்க்குள் ஒரு துளிக் காற்று புகுந்தாலும் போச்சு, மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துத் திருகைத் திறந்து, ஆயிலும் காற்றும் ஜாம் பாட்டிலுக்குள் வடிந்ததும் மூடிவிட்டு “எடு” என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வரும்வரை மிதித்த காலை எடுக்கவே கூடாது. முந்தி எடுத்தால் வெளியே போன காற்று அத்தனையும் உள்ளே வந்துவிடும், செய்த வேலை பாழ். கல்யாணமான முதல் வருஷத்தில் ஒருமுறை டோரீன் தும்மிக் காலை எடுத்துவிட்டாள். அதை லெஸ் அறுபது வயது வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு அந்த மூன்று சொல்லைத் தவிர இருவருக்கும் பேச்சு இல்லை. காலையிலேயே சண்டை.

சண்டை சர்க்கரையில் ஆரம்பித்தது. டீயில் இரண்டாவது கரண்டி போடப் போன கையை டோரீன் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு கரண்டிகூட வேண்டாம் என்றிருந்தார். கையைப் பிடித்தபோதுதான் லெஸ் இன்னொரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

“என்ன அது?”

“வாயு. ராத்திரி தின்ன வெங்காயம்.”

“நாலு நாளா வெங்காயமா? கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“ஞாயித்துக்கிழமை அங்க எவன் இருப்பான்? சீமாட்டிக்கு இன்னிக்கு பிரேக்க முடிச்சுடறேன். நாளைக்குப் போலாம்.”

சீமாட்டி என்பது அந்தப் பச்சை வண்டி. இரண்டே சீட், மடக்கும் கூரை. அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்தது, மகன் நைஜலைவிட நாலு வயது மூத்தது. அந்தக் காலத்துப் பிரேக் இந்தக் காலத்து ரோட்டுக்குப் போதாது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் முன்சக்கரம் இரண்டுக்கும் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர், புதுக் குழாய், புது மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வாங்கி மாட்டியிருந்தார். காற்று எடுப்பது மட்டும்தான் பாக்கி.

“உன் நெஞ்ச விட அந்தத் தகரம் பெருசா போச்சா உனக்கு?” என்றாள் டோரீன்.

“தகரம்னு சொல்லாதே.”

“தகரம். துருப்பிடிச்ச தகரம்.”

அதோடு இரண்டு வாயும் மூடின. அந்த வீட்டில் சண்டை என்றால் கத்தல் கிடையாது, பாத்திரம் பறக்காது. பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். முதலில் பேசுகிறவர் தோற்றவர், தோற்றவர் டீ போட வேண்டும். இந்தச் சட்டத்தை எப்போது யார் போட்டார்கள் என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. வேலைக்கான சொல் பேச்சில் சேராது என்று ஒரு விலக்கும் உண்டு, இல்லாவிட்டால் அந்த வீட்டில் எந்த வேலைதான் நடந்திருக்கும்! ஒருமுறை வேல்ஸுக்கு விடுமுறை போன வழியெல்லாம் இருவரும் உர்ரென்றே போனார்கள். மலைப்பாதை வளைவில் ஆடு ஒன்று குறுக்கே நிற்க, லெஸ் “ஆடு!” என்று கத்திவிட்டார். தோற்றாயா இல்லையா என்று அடுத்த சண்டை. “நான் உன்கிட்டயா சொன்னேன்? ஆட்டுகிட்ட சொன்னேன்” என்று சாதித்துவிட்டார் மனுஷர். கடைசியில் டீ போட்டவள் டோரீன்தான்.

காற்று எடுப்பதில் தூரத்துச் சக்கரம் முதலில், பக்கத்துச் சக்கரம் கடைசியில். அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து முன்சக்கரம்தான் கடைசி, அதைக் கழற்றி வைத்திருந்தார். லெஸ் முதுகால் நகர்ந்து நகர்ந்து அங்கே வந்து சேர்ந்தார். அடைத்த மூக்கில் அவர் விடும் மூச்சு, தகரத்துக்கு அப்பால் அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கேட்டது. குளிருக்காக ஷெட்டின் பெரிய கதவை இறக்கிவிட்டு, சமையலறைப் பக்கத்துச் சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அடுப்பில் ஆட்டுத்தொடை வேகும் வாசனை அதன் வழியாக வந்தது.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

கண்ணாடியில் இறக்கிய கதவு முழுக்கச் சிவந்தது. மிதி தரை வரைக்கும் போய் நின்றது. டோரீன் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எடு வரவில்லை.

சரி, திருகு இறுகிப்போயிருக்கும் என்று நினைத்தாள். சாவி போட்டுத்தான் இருந்தது. வண்டியின் பழைய ரேடியோவைத் திருகினாள். தோட்டக்கலை நிகழ்ச்சி. யாரோ ஒரு பெண்பிள்ளை தன் முட்டைக்கோஸை நத்தை தின்கிறது என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பீர் ஊற்றி வைக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ரோஜாவுக்கு வந்தார்கள். டோரீனின் கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது.

ஓஹோ, அப்படியா சங்கதி!

போன கோடையில் கிளட்ச் வேலை பார்த்தபோது இதே வேலையைத்தான் காட்டினார். வேலையெல்லாம் முடித்து, ஸ்பானரைத் துடைத்து, சுருட்டி வைத்துவிட்டு, அடியில் படுத்தபடி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். இவள் காலை மிதித்தபடி உட்கார்ந்திருந்து பொறுக்கமாட்டாமல், “என்ன லெஸ், தூங்கிட்டியா?” என்றதும், அடியிலிருந்து “டீ!” என்று ஒரு கூச்சல். பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

இந்தத் தடவை மாட்டமாட்டேன் என்று நினைத்தாள். படு. நல்லா படு. சிமெண்டுத் தரை முதுகில் ஏறட்டும். அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது. காலை எடுத்தாலும் தோல்வி, வாயைத் திறந்தாலும் தோல்வி. மிதியை இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டு ரோஜாவைக் கேட்டாள். நிகழ்ச்சி முடிந்து செய்தி வந்தது. செய்தியும் முடியப் போகிற நேரத்தில் வீட்டுக்குள் போன் அடித்தது.

போன் அடித்தால் எழுந்து போகலாம். அது தோல்வியில் சேராது. டோரீன் ரேடியோவை அணைத்துவிட்டுப் பரபரவென்று இறங்கினாள். மரத்துப்போன கால் மடங்கியது. ஒரு கால் செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அதை யார் பார்த்தது! ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போனாள்.

போனில் நைஜல். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு.

“அப்பா எங்கேம்மா?”

“வண்டிக்கு அடியில மூஞ்சியத் தூக்கி வெச்சிகிட்டு படுத்திருக்காரு உங்கப்பா.”

நைஜல் விழுந்து விழுந்து சிரித்தான். “விடும்மா, பசிச்சா தானா வருவாரு.”

அவளும் சிரித்தாள். ஆட்டுத்தொடையை வெளியே எடுத்து ஆறவைத்தாள். உருளைக்கிழங்கைத் திருப்பிப் போட்டாள். மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். புதினாச் சட்னி பாட்டிலின் மூடி திறக்கவில்லை. அதை வழக்கமாக லெஸ்தான் திறப்பார். பாட்டிலை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நீட்டினால் போயிற்று என்று ஷெட்டின் சின்னக் கதவு வரைக்கும் வந்தாள்.

இறக்கிய கதவு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

அவள் காலை எடுத்து எவ்வளவு நேரமாயிற்று! வண்டியில் யாரும் இல்லை. பின்விளக்கு இரண்டும் யாரோ மிதித்துப் பிடித்திருக்கிற மாதிரி எரிந்துகொண்டிருந்தன. அதை யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. முன்சக்கரத்துப் பக்கம் வெளியே நீட்டியிருந்த பூட்ஸ் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தன. குனிந்து ஒரு பூட்ஸைப் பிடித்து ஆட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆட்டிப் பார்த்துவிட்டு, புதினாப் பாட்டிலோடு இரண்டு வீடு தள்ளி ஓடிப்போய் வில்ஃபின் கதவைத் தட்டினாள். தொழிற்சாலையில் லெஸ்ஸோடு ஒரே வரிசையில் நின்ற வில்ஃப்தான் வந்து இழுத்துப் போட்டார், லெஸ் லெஸ் என்று கத்தினார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். டோரீன் வாயே திறக்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று உடலைத் திருப்பித் தந்து, மயானத்தில் நேரம் கிடைப்பதற்கு. டாக்டர் அவள் தோளைத் தொட்டு, உடனே போயிருப்பார், அவருக்கே தெரிந்திருக்காது என்றார். நல்ல மனுஷர். வருகிற விதவைகள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார் என்று டோரீனுக்குப் பட்டது.

உண்மை ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அந்தக் கடைசித் திருகில். அது திறந்தபடி இருந்தால் டாக்டர் சொன்னது சரி. திறந்த கையோடு போய்விட்டார், டோரீன் என்ன செய்திருந்தாலும் நடந்தது நடந்ததுதான். மூடியிருந்தால்? மூடுவதற்கு நேரம் இருந்திருக்கிறது. மூடிவிட்டு எடு என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறார், சத்தம் வரவில்லை. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு தகரத்துக்கு அப்பால், மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க, இவள் நத்தைக் கதை கேட்டிருக்கிறாள்.

திறந்திருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போய்ப் பார்த்துவிடலாம்தான். சமையலறைக் கதவைத் திறந்தால் ஷெட். அவளால் முடியவில்லை.

முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பாத்திரம் கழுவும் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷெட்டின் பெரிய கதவுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். முதல் நாள் பக்கத்து வீட்டு விளக்கு என்று நினைத்தாள். பக்கத்து வீட்டார் ஸ்பெயினுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. தினமும் அந்தக் கோடு இருந்தது. டோரீன் திரையை இழுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினாள். அவள் வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், மெல்லத் தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். பூக்கடையில், வக்கீல் ஆபீசில், பாதிரியாரோடு பாட்டுத் தேர்ந்தெடுக்கும்போது, எங்கே உட்கார்ந்தாலும் அதே வேலை. பாதிரியார் பேசிக்கொண்டே குனிந்து அவள் காலைப் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்.

இறுதிச் சடங்கு பன்னிரண்டு மணிக்கு. நைஜல் விடிந்ததும் வந்துவிட்டான், கறுப்புக் கால்சட்டைக்கு மேல் அப்பாவின் பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு.

“சீமாட்டிய சவ வண்டிக்குப் பின்னால ஓட்டிட்டு வரப்போறேன்மா. அப்பாவுக்கு அது ஆசை. எத்தன தடவ சொல்லியிருக்காரு!”

“வேணாம் நைஜல்.”

“ஏன்?”

“பிரேக் முடியல.”

“வில்ஃப் மாமா வராரு. என்ன பெரிய வேலை, ஒரே ஒரு சக்கரம். அவர் கீழ படுப்பாரு, நான் மிதிக்கறேன்.”

“அந்த வண்டிய தொடாதீங்கன்னு சொல்றேன்ல?”

நைஜல் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தான். அவள் பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தி பலகையில் ரொம்பச் சத்தமாக விழுந்தது. அவன் கொக்கியிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்தான். வில்ஃப் கறுப்பு டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கையில் டார்ச்சோடு வாசலில் நின்றார்.

“என்ன டோரீன், சாண்ட்விச்ச வெட்டறியா, விறகு பொளக்கறியா?”

அவள் வெட்டுவதை விட்டுவிட்டு, சாண்ட்விச் தட்டைக் கையில் வைத்தபடியே சின்னக் கதவில் போய் நின்றாள். நிற்காமல் இருக்க முடியவில்லை.

நைஜல் பெரிய கதவைத் தூக்கினான். வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்திலும் தெரிந்தது, பின்விளக்கு இரண்டும் எரிகின்றன.

“சாவி ஆன்லயே இருக்கு,” என்றான் நைஜல்.

“மூணு வாரமாவா? பேட்டரி செத்துப்போயிருக்கணுமே.”

“சார்ஜர் மாட்டியிருக்கு பாருங்க.”

“அது சரிடா. பிரேக் விளக்கு எப்படிடா எரியும், யாரும் மிதிக்காம?”

நைஜல் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். வில்ஃப் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். மிதி தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. அதன்மேல் டோரீனின் வீட்டுச் செருப்பு நேராக நின்றது, உள்ளே ஒரு கால் இருக்கிற மாதிரி.

கூரையில் மழை விழ ஆரம்பித்தது. நைஜல் சாரலுக்குப் பயந்து கதவை மறுபடி இறக்கினான், உள்ளே எல்லாம் சிவப்பாயிற்று.

“புது சிலிண்டர்ல்ல,” என்றார் வில்ஃப், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “உள்ள ரப்பர் ஊதிப் பிடிச்சிருக்கும். பார்த்திருக்கேன்.” அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்பது குரலில் தெரிந்தது. செருப்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கையை விட்டு மிதியை மேலே இழுத்தார். வரவில்லை. நைஜல் டயர் கழற்றும் கம்பியைக் கொடுத்து நெம்பினான். கம்பி வளைந்தது, மிதி அசையவில்லை.

“கீழ பார்த்துடலாம்,” என்று வில்ஃப் முழங்கால் முறிய முனகிக்கொண்டு படுத்து, டார்ச்சோடு சக்கரத்தடிக்குள் தலையை விட்டார்.

டோரீன் குனிந்தாள். “வில்ஃப்,” என்றாள்.

“என்ன?”

“அந்தத் திருகு. கடைசித் திருகு. திறந்திருக்கா, மூடியிருக்கா?”

டார்ச் வெளிச்சம் அடியில் இப்படியும் அப்படியும் போயிற்று.

“மூடியிருக்கு.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெறுமனே மூடல! இறுக்கி, துடைச்சு, ரப்பர் குல்லாகூட மாட்டியிருக்கான். குழாயக் கழட்டி சுருட்டியாச்சு. ஜாம் பாட்டிலுக்கு மூடி போட்டாச்சு. அட, ஸ்பானரக்கூட துணியில சுருட்டி முடிச்சு போட்டு வெச்சிருக்கான்டா!” வில்ஃபின் குரல் அடியிலிருந்து சந்தோஷமாக வந்தது. “இழுத்துப் போட்ட அவசரத்துல அன்னிக்கு நான் எங்க பார்த்தேன்! வேலைய முடிச்சுட்டுத்தான்யா போயிருக்கான். ஆளுன்னா இவன் ஆளு.”

நைஜல் முகத்தை மேலங்கிக் கையால் துடைத்துக்கொண்டான். “கேட்டியாம்மா? முடிச்சுட்டுத்தான் போயிருக்காரு.”

“கேட்டேன்.”

கேட்டாள்தான். திருகை மூடியது மட்டும் என்றால் ஒரு நொடி. குல்லா மாட்டி, குழாயைச் சுருட்டி, ஒவ்வொரு ஸ்பானராகத் துடைத்து அடுக்கி முடிச்சுப் போடுவதற்கு? அவ்வளவும் செய்திருக்கிறார், சத்தமே காட்டாமல். செய்துவிட்டு மல்லாந்து படுத்து வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறார். போன கோடையில் மாதிரியே. அவள் நினைத்தது சரி. இம்மி பிசகாமல் சரி. எப்போது வாயைத் திறப்பாள், எப்போது டீ என்று கத்தலாம் என்று மனுஷர் சிரித்துக்கொண்டு கிடந்தபோதுதான் அது வந்திருக்கிறது. என்ன லெஸ் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் கத்தியிருப்பார். கத்தாவிட்டால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அடப் பாவி மனுஷா, என்றது அவள் மனசு. கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

நைஜல் பக்கத்தில் வந்து நின்றான். “நான்தானே அன்னிக்கு சொன்னேன்,” என்றான் மெதுவாக. “விடு, பசிச்சா வருவாருன்னு.”

டோரீன் தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கோணலாகக் கிடந்த அவன் டையை நேராக்கினாள்.

“மிதி வராம வண்டி நகராது,” என்றார் வில்ஃப், எழுந்து உட்கார்ந்து. “வீட்ல இழுவைக் கருவி ஒண்ணு இருக்கு, எடுத்தாரேன். அதுக்கும் வரலேன்னா விட்டுடுவோம், நைஜல். நேரமாச்சு.”

“நான் சடங்குக்காரங்களுக்கு போன் பண்ணி, வண்டி வராதுன்னே சொல்லிடறேன்,” என்றான் நைஜல். இருவரும் சின்னக் கதவு வழியாகப் போனார்கள், வில்ஃப் தெருவுக்கு, நைஜல் போனுக்கு.

டோரீன் தனியாக நின்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. ஷெட் முழுக்கச் சிவப்பு, பிரேக் ஆயிலின் இனிப்பும் கசப்புமான வாசனை. போய்விடலாம் என்று நினைத்தாள். கால் போகவில்லை. கறுப்புப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த சீட்டில் வழக்கம்போல் முதலில் உட்கார்ந்து பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். வலது ஷூவைக் கழற்றிவிட்டு, காலைச் செருப்புக்குள் நுழைத்தாள்.

செருப்பு வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் யாரோ கழற்றிவிட்ட மாதிரி.

அவள் சட்டென்று காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். இழுக்கவில்லை. மூன்று வாரமாக எங்கெங்கோ தரையை அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கால் தானாகவே போய் அமுங்கிக் கிடந்த மிதிமேல் உட்கார்ந்தது, அவளுக்கு வலி நின்றது. கண்ணாடியில் சிவந்த கதவைப் பார்த்தாள். பழக்கத்தில் காத்திருந்தாள்.

கழற்றிய சக்கரத்துப் பக்கம், தகரத்துக்கு அப்பால், அவள் முழங்காலுக்கு நேரே ஏதோ கேட்டது. மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தமாக இருக்கலாம். அடைத்த மூக்கில் இழுத்து விடுகிற மூச்சு போலவும் இருந்தது. நடுவே ஒரு நிறுத்தம், பிறகு பொத்திய வாய்க்குள் சிரிப்பு குலுங்குகிற மாதிரி ஒரு திக்கல். எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள்.

“லெஸ்,” என்றாள். “சரி. நீயே ஜெயிச்சே. டீ போடறேன்.”

அந்த மூச்சுச் சத்தம் நின்றது. அவள் காலுக்கு அடியில் மிதி மெல்ல மேலே வந்தது, அவள் பாதத்தையும் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், முழுக்க மேலே. கண்ணாடி இருண்டது. ஷெட்டில் சாதாரண மழைக்கால வெளிச்சம்தான் மிச்சம் இருந்தது. சக்கரத்துப் பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் செருப்போடு இறங்கிச் சமையலறைக்குப் போனாள். போனை வைத்துவிட்டு எதிரே வந்த நைஜல் அவளைத் தாண்டி ஷெட்டுக்குள் போய், அங்கிருந்தே கத்தினான்.

“அம்மா! மிதி மேல வந்துடுச்சு! கல்லு மாதிரி இருக்கு பிரேக்! என்னம்மா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல. சக்கரத்த மாட்டு. டீ குடிச்சுட்டுக் கிளம்பலாம்.”

கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்தாள், நைஜலுக்கு ஒன்று, வில்ஃபுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு கைப்பிடியில் எத்தனை கழுவியும் போகாத கிரீஸ் கறையோடு பின்னால் இருந்த நாலாவதையும் எடுத்து வரிசையில் வைத்தாள். தெருமுனையில் நீளமான கறுப்பு வண்டி மெல்லத் திரும்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தண்ணீர் கொதித்தது. நாலாவது கோப்பையில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள். கையை ஒருவரும் பிடிக்கவில்லை. இன்னொரு கரண்டியும் போட்டுக் கலக்கினாள்.